லெனாட்டின் போனில் என் குரல்

உலகத்தில் எட்டுக் கோடிப் பேர் தமிழ் பேசுகிறார்கள். சரியாகப் பேசுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிறோம். கிழக்குப் பக்கத்தாரும் முயற்சி செய்கிறார்கள்.

லெனாட் யாழ்ப்பாணத்துக் கடற்கரைப் பக்கம், கொழும்புத்துறை. தகப்பனோடு வள்ளத்தில் போய், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகியவன். மாதா கோயில் பூசையில் அவன் வாசகம் வாசித்தால் மைக் தேவையில்லை. பல்கலைக்கழகத்தில், எழுத்துப் பரீட்சைகளில் எங்கள் வகுப்பில் முதலாவதும் அவன்தான். அவன் வாயைத் திறந்தால் பின்வாங்கில் நாங்கள் மூக்கைப் பொத்துவோம்.

இறுதியாண்டு வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் உதவி விரிவுரையாளர் இடம் அவனுக்கு. துறைத் தலைவர் அவனைக் கூப்பிட்டார்.

"விசயம் எல்லாம் சரி, தம்பி. அந்தக் கரைக் கதையை மட்டும் விட்டிட்டு வாரும்."

பின்னேரம் சைக்கிள் கொட்டிலுக்குள் என்னிடம் வந்தான்.

"மச்சான், என்ரை உரையை உன்ரை குரலிலை ஒருக்கா வாசிச்சுத் தா. போனிலை கேட்டுப் பாடமாக்கப் போறன்."

"ஏன், மீனுக்கு உன்ரை தமிழ் விளங்குதுதானே?"

"புள்ளி போடுறது மீன் இல்லையடா."

வாசித்துக் கொடுத்தேன். நாடகத்து ராசா மாதிரி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டு. கேட்டதும் சிரிப்பான் என்று நினைத்தேன். நன்றி சொன்னான். இரண்டு கிழமை அந்தக் கொட்டிலுக்குள் காதில் வயரோடு உதட்டை அசைத்துக்கொண்டு நின்றான்.

"வானொலி அண்ணை, செய்தி எத்தினை மணிக்கு?" என்று போகவரக் கேட்டோம்.

பரீட்சை நாளில் கதவு திறந்திருந்தது. லெனாட் என் குரலில் தொடங்கினான். இழுவை அப்படியே. பெருமூச்சையும் உரிய இடத்தில் விட்டான். ஒரு பரீட்சகர் கைலேஞ்சியால் வாயை மூடினார். துறைத் தலைவர் மூடாமலே சிரித்தார். லெனாட் அவர்களைப் பார்த்தான். கதவடியில் நின்ற என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் வாய் திறக்கவில்லை.

இடம் வேறொருத்திக்குப் போனது. லெனாட் வள்ளத்துக்குப் போனான். இப்போது பூசையில் வேறு யாரோ மைக் பிடித்து வாசிக்கிறார்கள். சந்தையில் அவனுடைய தாய் யோசப்பின் என்னை மறித்தார்.

"தம்பி, வீட்டிலையும் கதைக்கிறானில்லை. உங்கை என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, அன்ரி" என்றேன். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

வாற செவ்வாய் எனக்குக் கொழும்பில் நேர்முகம், இங்கிலீசில். நேரம் கேட்க போன் எடுத்தபோது, நான் மூன்று சொல் சொன்னதும் மறுபக்கத்துப் பெண் "யாழ்ப்பாணமா?" என்று சிரித்தாள். கொழும்பில் வளர்ந்த மச்சாள் அருந்ததியிடம் பதில்களை வாசித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள்.

சைக்கிள் கொட்டிலுக்குள் நிற்கிறேன். காதில் வயர். ஓரிடத்தில் அருந்ததி பெருமூச்சு விடுகிறாள்.

அந்த இடத்தில் நானும் விடுகிறேன்.