நடுவில் நின்ற ஹன்னு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் ஹன்னு திருடனாகிவிட்டான். ஊரில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் அவன்தான்.

வன்னாவின் கஞ்சிக் கடையில் வழக்கமான மூலையில் போய் உட்கார்ந்தான். வன்னா அவன் முன்னால் கிண்ணத்தை வைக்கவில்லை. கைப்பேசியை வைத்தாள்.

"அத்தான், இது யாருன்னு பாருங்க."

படத்தில் போலீஸ் ஸ்டேஷன் முற்றம். நீள மேஜை. அதன்மேல் ஏழு கைப்பேசிகள், ஒரு முதுகுப் பை. மேஜைக்குப் பின்னால் சார்ஜென்ட் சனோனும் இரண்டு காவலர்களும், மடிப்புக் கலையாத சீருடையில். எல்லோருடைய சுட்டுவிரலும் கைப்பேசிகளை நோக்கி நீண்டிருந்தது. நடுவில் நெட்டையாக ஒரு வெள்ளைக்காரன். மழிக்காத முகம். எண்ணெய்க் கறை படிந்த பனியன், அதில் ஒரு மஞ்சள் வாத்து. அவனும் விரலை நீட்டியிருந்தான், மற்ற மூவரையும்விட உற்சாகமாக.

மேலே ஒரு வரி: 'நடைத் தெருவில் சுற்றுலாப் பயணிகளின் போன்களைத் திருடிய வெளிநாட்டவர் பிடிபட்டார்.' நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"வாத்து நல்லா விழுந்திருக்கு," என்றான் ஹன்னு.

"சிரிக்காதீங்க அத்தான். மீன்காரி வந்துட்டுப் போயிட்டா. முடிவெட்டறவன் வந்துட்டுப் போயிட்டான். 'உங்க அக்கா புருஷன் நல்ல மனுஷன்னு நினைச்சோமே'ன்னு கையப் புடிச்சுக்கிட்டு துக்கம் விசாரிக்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"கஞ்சி வேணுமா வேணாமான்னு கேட்டேன்."

ஹன்னு ஃபின்லாந்துக்காரன். தாய்லாந்தின் இந்த ஹாட் நுவான் கடற்கரைக்கு வந்து ஒன்பது வருடம். வன்னாவின் அக்கா சுமாலிதான் அவனை இங்கே கொண்டுவந்தாள். சுமாலி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பகலில் படகு இன்ஜின்களைப் பழுது பார்ப்பான். வெள்ளி, சனி இரவுகளில் கறுப்புச் சீருடை மாட்டிக்கொண்டு, போலீசுக்குத் துணையாக, வண்டிகள் போகாத, மதுக்கடைகள் நிறைந்த நடைத் தெருவில் நிற்பான். அவனைப்போல் பதினான்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஆயுதம் கிடையாது. யாரையும் கைது செய்ய முடியாது. குடித்துவிட்டுத் தங்கிய ஹோட்டலின் பெயரை மறந்தவர்களை வீடு சேர்ப்பார்கள். சண்டை என்றால் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பார்கள்.

கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டேஷன் தலைமை அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சுமாலியை எரித்த வாரமும் ஹன்னு வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்து நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. "நீ இன்னிக்குத் தெற்கு முனை," என்று மட்டும் சனோன் சொன்னார். அன்றிலிருந்து வாரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த நாட்கள் அந்த இரண்டுதான். ஃபின்லாந்தில் இருக்கும் அண்ணன் மாதம் தவறாமல் போன் செய்து, கிளம்பி வந்துவிடு என்பான். வேலை இருக்கிறது என்று ஹன்னு சொல்வான். அட்டை போய்விட்டால் அப்படிச் சொல்ல முடியாது. போக வேண்டியதுதான்.

கைப்பேசி அடித்தது. தொண்டர்களின் தலைவர் வெஸல். நெதர்லாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கைதியே, சாப்பாடு போட்டாங்களா?"

"இன்னும் இல்ல. படத்தைத்தான் காட்டினாங்க."

"சரி, சிரிச்சது போதும்ப்பா. ஸ்டேஷனோட புது தலைமை, கர்னல் மேடம் ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு வரணுமாம். அட்டையோட."

"எல்லாருமா?"

"நீ மட்டும்."

கஞ்சி வந்தது. ஹன்னு கரண்டியைத் தொடவில்லை.

"இந்தா பாரு," என்றார் வெஸல். "சீருடை இல்லாம படத்துல நின்னது உன் தப்பு. பதினோராவது விதி. எழுதினவன் நான், கையெழுத்துப் போட்டவன் நீ. மீறினா முப்பது நாள் வீட்ல இருக்கணும், அவ்வளவுதான். ஆனா உன்ன அங்க நிறுத்தினது சனோன். மேடம்கிட்ட அதைச் சொல்லிடு, உன் அட்டை பிழைச்சுக்கும்."

நடந்தது இதுதான். வெள்ளி மதியம் ஹன்னு படகின் வயிற்றுக்குள் கிடந்தபோது சனோன் கூப்பிட்டார். போன் திருடிய ஆள் ஃபின்லாந்துக்காரன், ஒரு வார்த்தையும் புரியவில்லை, உடனே வா. ஹன்னு போட்டிருந்த பனியனோடு போனான். இரண்டு மணி நேரம் பேசினான். திருடன் அழுதான், ஒப்புக்கொண்டான், பை இருக்கும் இடத்தைச் சொன்னான், பிறகு வாந்தி எடுத்துவிட்டுக் கூண்டுக்குள் தூங்கிப்போனான். எழுப்பினால் எழவில்லை. வெளியே உள்ளூர் இணையச் செய்திப் பக்கத்துக்காரர் கேமராவோடு காத்திருந்தார். இந்த ஊரில் போலீஸ் படம் என்றால் எல்லோரும் பொருளைக் கை காட்ட வேண்டும். பிடிபட்டவன் நடுவில் நின்று காட்ட வேண்டும்.

"நடுவுல காலியா இருக்கே," என்றார் கேமராக்காரர்.

"வா தம்பி, நீ நில்லு," என்றார் சனோன். "எல்லாத்தையும் பேசி வாங்கினவன் நீதானே."

ஒன்பது வருடத்தில் ஹன்னு இப்படிப்பட்ட படங்களில் நூறு முறை நின்றிருக்கிறான். சீருடையில், ஓரத்தில். அன்று பாராட்டின் சூட்டில் நடுவில் போய் நின்று, மனதார விரலை நீட்டினான்.

சனோனுக்கு மூன்று முறை போன் செய்தான். எடுக்கவில்லை. செய்திப் பக்கத்துக்காரர் எடுத்தார். "போலீஸ் சொன்னா மாத்தறேன் அண்ணே. நானா எப்படி மாத்த?" என்றார்.

போலீஸ் என்றால் சனோன். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது. குற்றவாளியின் இடத்தில் சொந்த ஆளை நிறுத்திப் படம் எடுத்தேன் என்று அவர் தானாகச் சொல்ல மாட்டார். அவர் கீழ் நிற்கும் வெளிநாட்டுக்காரன் போய் அதைச் சொன்னால் அந்த ஸ்டேஷனில் அவர் தலை நிமிராது. அட்டை கழுத்தில் இருக்கும். ஆனால் வா தம்பி என்று ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

"இன்னிக்கு ராத்திரி போகாதீங்க அத்தான்," என்றாள் வன்னா.

"போகலைன்னா திருடன்தான்னு ஆயிடும்."

"போனா?"

"திருடன் வேலைக்கு வந்திருக்கான்னு ஆகும். அது பரவாயில்ல."

அவன் முகம் மழித்தான். சீருடையைத் தேய்த்தான். எட்டு மணிக்குத் தெரு முனையில் நின்ற வண்டியருகே போய் வரிசையில் நின்றான். சனோன் ஆட்களைப் பிரித்து அனுப்பினார். ஹன்னுவின் பெயர் வந்தபோது காகிதத்தைப் பார்த்தபடியே, "தெற்கு முனை," என்றார்.

தெற்கு முனைக்குப் போக முழுத் தெருவையும் நடக்க வேண்டும். ஹன்னு நடுத் தெருவிலேயே நடந்தான். மூன்றாவது மதுக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த கடைக்கார அம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஏய் பொண்ணுங்களா, போனையெல்லாம் உள்ள வைங்கடி! ஹன்னு வர்றாரு!"

"உங்களுது வேணாம்மா," என்றான் ஹன்னு. "கண்ணாடி ஒடைஞ்சது. யாரும் வாங்க மாட்டான்."

பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தி விலங்கு மாட்டியதுபோல மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினாள். இன்னொருத்தி, "வாத்து எங்கண்ணே?" என்றாள். "துவைக்கப் போட்டிருக்கேன்." பழங்கள் விற்பவன் ஒரு துண்டு மாங்காயை நீட்டி, "இதைத் திருட வேணாம், சும்மாவே எடுத்துக்க," என்றான். ஹன்னு வாங்கித் தின்றான். எங்கும் நிற்கவில்லை, எதையும் விளக்கவில்லை.

தெற்கு முனையில்தான் சிக்கல். ஆஸ்திரேலியாக்காரன் ஒருவன், கழுத்து மாட்டுக் கழுத்துபோல, முந்தாநாள் போனைப் பறிகொடுத்தவன். நண்பனின் கைப்பேசியில் படத்தை வைத்துக்கொண்டு ஹன்னுவின் முகத்தோடு ஒப்பிட்டான்.

"இவன்தான்டா! போலீஸ் வேஷம் போட்டுக்கிட்டுத் திரியறான்!"

சட்டையைப் பிடித்தான். கூட்டம் சேர்ந்தது. கைப்பேசிகள் உயர்ந்தன. தொண்டன் யார்மீதும் கை வைக்கக் கூடாது. ஹன்னு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பொறு தம்பி. சட்டை போலீசோடது. கிழிச்சா உன் தலையிலதான் விடியும்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சனோன் வந்தார். ஆஸ்திரேலியாக்காரன் படத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினான். "இது நீங்கதானே? பக்கத்துல நிக்கறது இவன்தானே? சொல்லுங்க!"

ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் சனோனுக்குக் கேள்வி புரிந்தது. சுற்றி இருபது கேமராக்கள். அவர் காதோரம் சிவந்தது.

ஹன்னு முந்திக்கொண்டான். முதலில் தாய்லாந்து மொழியில், பிறகு ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி.

"படத்துல இருக்கறது நான்தான். பேச்சு புரியலைன்னு கூப்பிட்டாங்க, வந்தேன். சீருடை போடாம நடுவுல போய் நின்னது என் தப்பு. திருடன் கூண்டுக்குள்ள இருக்கான். உன் போனும் அங்கதான் இருக்கு. நாளைக்குக் காலையில பாஸ்போர்ட்டோட வந்து வாங்கிக்க."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. பிடி தளர்ந்தது. சனோன் ஹன்னுவின் தோளில் கை வைத்து, "நம்ம ஆளு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் காட்சி பொழுது விடிவதற்குள் படத்தைவிட வேகமாகப் பரவியது. மீன்காரி திரும்ப வந்து, தனக்கு அப்போதே தெரியும் என்றாள்.

திங்கள் பத்து மணி. கர்னல் நிரமோன் இந்த ஸ்டேஷனுக்கு வந்து ஆறு வாரம்தான். ஒடிசலான உருவம், மேஜைமேல் காகிதம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலருகே சனோன் விறைப்பாக நின்றார். ஹன்னு அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"படம், வீடியோ ரெண்டையும் பாத்தேன்," என்றார் கர்னல். "உங்களை அங்க நிக்கச் சொன்னது யாரு?"

"நானே நின்னேன் மேடம்."

"ஒன்பது வருஷமா இங்க இருக்கீங்க. நடுவுல யார் நிப்பாங்கன்னு தெரியாதா?"

"தெரியும் மேடம். அன்னிக்கு யோசிக்கல."

"பொய் சொல்றீங்க."

"பாதிதான் மேடம்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மீதிப் பாதியைச் சொன்னா இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"மீதி என்னோடது இல்ல மேடம்."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமி அடங்கியது. சனோன் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் அவரைப் பார்த்தார், ஹன்னுவைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"சார்ஜென்ட், இந்த மாசம் படத்துக்கு ஆள் நிறுத்தறது யாரு?"

"நான்தான் மேடம்."

"பன்னெண்டு மணிக்குள்ள திருத்தம் போகணும். நீங்களே எழுதணும். காரணம் எழுத வேணாம், அவர் யாருங்கறதை மட்டும் எழுதினா போதும்."

"சரி மேடம்."

"உங்களுக்கு," என்று ஹன்னுவின் பக்கம் திரும்பினார், "பதினோராவது விதிப்படி முப்பது நாள்." பேனாவை எடுத்து அட்டையில் கையெழுத்துப் போட்டார். தேதியை அடுத்த வருடத்துக்குப் போட்டார். பிறகு அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். "முப்பத்தோராவது நாள் வந்து வாங்கிக்குங்க. லேட்டா வராதீங்க."

முற்றத்தில் சனோன் அவனோடு சேர்ந்து நடந்தார். நன்றி சொல்லவில்லை. ஹன்னுவும் எதிர்பார்க்கவில்லை.

"சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

சனோனின் கைப்பேசி அடித்தது. கேட்டார், முகம் சுளித்தார். "ஆஸ்பத்திரி. உங்க ஊர்க் கிழவர் ஒருத்தர் ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து கால ஒடைச்சுக்கிட்டாராம். யாரையும் தொட விடமாட்டேங்கறாராம். கத்திக்கிட்டே இருக்காராம்."

"எனக்கு அட்டை இல்லையே அண்ணே."

"ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்டப் பேசறதுக்கு அட்டை வேணும்னு விதி ஏதாவது இருக்கா?"

"வெஸலைத்தான் கேக்கணும்."

"கேக்காத," என்று சனோன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். "ஏறு தம்பி."

அவசரப் பிரிவில் கிழவர் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டரும் இரண்டு செவிலியர்களும் மூன்றடி தள்ளி நின்றார்கள். ஹன்னு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தான். சொந்த மொழியில், எந்த ஊர் என்று கேட்டான். கிழவர் கத்துவதை நிறுத்தினார்.

"நீ யாரு?" என்றார்.

"பக்கத்துலதான் இருக்கேன். பதினஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன், எப்பக் கூப்பிட்டாலும்." செவிலியரைப் பார்த்துத் தலையசைத்தான். "கம்பியை விடுங்க. ஒரு கைய எங்கிட்டக் குடுங்க. முதல்ல டாக்டர் உங்க காலைப் பாக்கட்டும், அப்புறம் நாம சாவகாசமாத் திட்டிக்கலாம்."