ஜஸ்ரினும் இரவல் குரலும்

தெல்லிப்பழை ஜஸ்ரின் நடித்த முதல் படத்துக்குச் சென்னையில் வேறொருவரின் குரலைச் சேர்த்தபோது, திரையில் இருந்த ஜஸ்ரின் வாயை மூடிக்கொண்டார். படப்பிடிப்பில் அவர் பேசியதை எல்லோரும் கேட்டிருந்தார்கள். குரல் இல்லாமல் ஓட்டினால் உதடுகள் ஒழுங்காக அசைந்தன. இரவல் குரல் தொடங்கியதும் நின்றன. இதில் என்ன சிக்கல் என்றால், டப்பிங் என்பது உதட்டை நம்பிய வேலை. காட்சியைச் சிறு துண்டாக்கி இருட்டறையில் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். குரல் கொடுப்பவர் திரையில் உதடு பிரியும் கணத்தைப் பிடித்துத் தன் சொல்லை அதற்குள் வைப்பார். ப, ம போன்ற எழுத்துகள் வந்தால் உதடு மூடும் இடத்தையும் தேடிப் பிடிப்பார். உதடு பிரியவே இல்லையென்றால் சொல்லை வைக்க இடமில்லை.

ஜஸ்ரின் பகலில் குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர். தேவாலயத்துக் கிறிஸ்மஸ் நாடகத்தில் வசனமில்லாத மூன்றாம் மேய்ப்பனாக நின்று, பக்கத்து மேய்ப்பனின் ஆட்டுக்கு விலை பேசியதில் அவருடைய நகைச்சுவை தொடங்கியது. தகப்பன் நேசையா ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு கலியாண வீடுகள், பிறந்தநாள் விழாக்கள், கைபேசிக் காணொளிகள் என்று இருபது வருடங்கள் போயின. யாருடைய குரலையும் ஒருமுறை கேட்டால் அவருக்குப் போதும். கனடாவிலிருந்து வந்த மாமாவாகச் சந்தையில் நின்று, “தம்பி, உந்தக் கத்தரிக்காய் ஓர்கானிக்கோ?” என்று கேட்பார், வியாபாரியாகத் திரும்பி, “இல்லை அண்ணை, இது கத்தரிக்காய்” என்பார். அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து படம் எடுக்க வந்தவர்கள் அவரை மரக்கறி வியாபாரியாக நடிக்க வைத்தார்கள்.

அவர் நடிப்பில் இயக்குநருக்குக் குறையில்லை. பேச்சில்தான் குறை. “எங்க ஊர்ல புரியாது சார். எதைக் கேட்டாலும் மந்திரம் சொல்றீங்க.”

“அது மந்திரமில்லை ஐயா. நாங்கள் ஆமாவுக்கு ஓம் எண்டுதான் சொல்லுறது. நான் வேதக்காரன், கிறிஸ்தவன்.”

வாய் மூடிய செய்தி வந்தபோது, இயக்குநர் ஒரு பேரமும் பேசினார். திரையிலுள்ளவரை ஜஸ்ரின் வந்து வழிக்குக் கொண்டுவந்தால், அடுத்த படத்தில் கதாநாயகனோடு முழுக்க வரும் வேடம். முடியாவிட்டால் இந்தப் படத்திலும் காட்சிகள் இல்லை. மனைவி மதுஷா பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “போய் உந்தத் திரையிலை நிக்கிறவரோடை நல்லவிதமாக் கதையுங்கோ. நாலு சொல்லை அவையின்ரை மாதிரிச் சொன்னால் நாக்குத் தேஞ்சிடுமே?”

ஜஸ்ரின் பலாலியில் விமானம் ஏறினார். வழியிலேயே முடிவெடுத்திருந்தார்: இரவல் குரல் வேண்டாம், தானே சென்னைத் தமிழில் பேசிவிடலாம். ஒலிவாங்கியின் முன் நின்று பேசினார். சென்னையில் பிறந்தவர்கூட அவ்வளவு சரியாகப் பேசியிருக்க முடியாது. திரையிலுள்ளவர் வாயைத் திறக்கவில்லை. வசனத்தையும் விட்டுவிட்டு, தெருவில் கண்டும் காணாததுபோலப் போகிற சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் ஜஸ்ரினைப் பார்த்தார். ஜஸ்ரின் திரையைப் பார்த்துக் கேட்டார்:

“என்னடா பாக்கிறாய்?”

“நீ ஆரின்ரை வாயாலை கதைக்கிறாய் எண்டு பாக்கிறன்,” என்றார் திரையிலுள்ளவர். அப்போது ஜஸ்ரினின் ஒலிவாங்கி அணைந்திருந்தது, குரல் திரைப்பக்கத்து ஒலிபெருக்கியில்தான் வந்தது என்று ஒலிப்பதிவாளர் பிறகு உறுதிப்படுத்தினார்.

“எனக்கு அடுத்த படம் வேணும், மச்சான்.”

“எனக்கும்தான் வேணும். வாயை இஞ்சை குடுத்துப்போட்டு அங்கை என்னத்தோடை போறது?”

ஜஸ்ரின் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இயக்குநரிடம் திரும்பினார். “ஐயா, அவர் கதைச்சால் நான் கதைக்கிற மாதிரித்தான் கதைப்பார். விருப்பமெண்டால் வையுங்கோ, இல்லாட்டி வெட்டுங்கோ.”

“வெட்டிடுவேன் சார். அடுத்த படமும் கிடையாது.”

“ஓம்,” என்றார் ஜஸ்ரின். இந்த முறை இயக்குநருக்கு அது சரியாகவே புரிந்தது.

வெட்டினார்கள். இக்காலப் படங்கள் கணினியில் இருப்பதால், வெட்டிய காட்சி அழிவதில்லை. ஓர் ஓரத்தில் காத்திருக்கும். வெட்டுப்பட்ட ஜஸ்ரின் காத்திருக்கவில்லை. பனிமலைக் காதல் பாட்டில் கத்தரிக்காய் மூட்டையோடு குறுக்கே நடந்தார். நீதிமன்றக் காட்சியில் நீதிபதிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். கதாநாயகனின் தாய் உயிர் விடும் கட்டத்தில் தலைமாட்டில் நின்று, எப்போது தன் முறை வரும் என்பதுபோல் கமெராவைப் பார்த்தார். அழித்தால் அடுத்த காட்சிக்குப் போனார். வெளியீட்டு நாள் நெருங்கியதால், அவருடைய காட்சிகளை அவருடைய குரலோடு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள். அதன்பிறகு அவர் மற்றக் காட்சிகளுக்குப் போகவில்லை.

படம் ஓடிய மதுரையில் முதல் வாரம் ஆட்கள் தவறான இடங்களில் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சரியான இடத்தில் சிரித்தார்கள். அதே இயக்குநர் அடுத்த படத்துக்கு ஜஸ்ரினை அழைத்தார். பேச்சைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. அந்தப் படம் இப்போது தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் போகிறது. அங்கே டப்பிங் அறைகளில் ஜஸ்ரின் வரும் காட்சிகளைத் தேநீர் நேரமாக ஒதுக்கியிருக்கிறார்கள். குரல் கொடுப்பவர்கள் வெளியே போய்க் குடித்துவிட்டு வருவார்கள். உள்ளே அவர் தன் குரலிலேயே கதைத்து முடித்ததும் கூப்பிடுவார்கள்.