அடுப்புக் கண்ணாடியைத் துடைத்தது யார்?

"இந்த வீட்டுல எதை வேணாலும் மாத்திக்கோ, நோரீன். திரைச்சீலை, சோபா, என் சட்டை... அடுப்ப மட்டும் விட்டுடு."

"ஏன், கடிச்சிருமா?"

"கடிக்காது. ஆனா அதோட குணம் எனக்குத்தான் தெரியும்."

எல்வினைக் கல்யாணம் செய்துகொண்டு அமெரிக்காவின் வெர்மான்ட் மலையடிவாரத்து இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. இருவருக்குமே இரண்டாம் கல்யாணம். குளிரில் வீட்டையே சூடாக்கும், கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு அது. அதில் போடக் கையில் எடுத்த மேப்பிள் விறகுக் கட்டையைக் கூடையிலேயே திரும்ப வைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய அடுப்பில் இன்னொருவர் விறகு போடுவது, அவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் இன்னொருத்தியா?

எல்வின் ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். அவன் போன பிறகு தீ தணிந்தால், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி அவனுக்காகக் காத்திருப்பேன். அடுப்பை என்னிடமும் கொடு என்று கேட்க மூன்று குளிர்காலமாக வாயைத் திறக்கிறேன். வேறு எதையாவது கேட்டு முடிக்கிறேன்.

தொடக் கூடாது, சரி. பார்க்கக் கூடாது என்று அவன் சொல்லவில்லையே. பார்த்தேன். கிளம்பும் முன் அடுப்பு நிறையக் கட்டைகளை அடைப்பான். அவை சரியாகப் பற்றுவதற்குள் அடுப்புக்குள் காற்று விடும் கைப்பிடியைத் தள்ளி முழுக்க மூடிவிடுவான். அப்போதுதான் நின்று எரியுமாம். கொஞ்ச நேரத்தில் அடுப்புக் கதவின் கண்ணாடி கறுத்துவிடும். கோழிகளுக்குத் தீனி போட வெளியே போனால், கூரைக்கு மேல் புகை கனமாகச் சுருண்டுகொண்டிருக்கும். விறகோ நன்றாகக் காய்ந்தது. கட்டையோடு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்கும். பிறகு ஏன் இவ்வளவு புகை? அந்தப் புகையும் எரியாமல் போகிற விறகுதானே?

போன வியாழக்கிழமை பதில் தானாக வந்தது. கட்டைகளை அடுக்கிவிட்டு எல்வின் நிமிர்வதற்குள் தொலைபேசி அடித்தது. பால் லாரி ஒன்று பனியில் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். கைப்பிடியைப் பாதி மட்டும் தள்ளிவிட்டு ஓடினான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கட்டைகளுக்கு மேலே, வெறும் காற்றில், தீ தனியாக நெளிந்தது. முந்தின நாள் படிந்த கரி கண்ணாடியின் நடுவிலிருந்து கரைந்து விளிம்புக்கு ஒதுங்கியது. பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். புகையே இல்லை! அணைந்துவிட்டதோ என்று உள்ளே ஓடி வந்தால், ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. மறுபடி வெளியே போனேன். புகைக்குழாயின் வாய்க்கு மேல் காற்று மட்டும் நடுங்கியது. கோழிகள் என்னை ஒரு மாதிரி பார்த்தன.

மதியம் எல்வின் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"தீ அணைஞ்சிருச்சா? ரோட்டுலேர்ந்து பாத்தா புகையே காணோம்..." என்றவன் சட்டென்று நின்றான். நான் அரைக்கைச் சட்டையோடு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடிய யார் தொடச்சது?"

"யாரும் தொடைக்கல."

"நோரீன், அடுப்பத் தொட்டியா?"

"சத்தியமா தொடல. நீதான் முழுசா மூட மறந்துட்டுப் போன. காத்து கிடைச்சதும் மிச்சத்த தீயே பாத்துக்கிச்சு. கரியையும் தின்னுருச்சு, புகையையும் தின்னுருச்சு."

அவன் குனிந்து பார்த்தான். உள்ளே தணல் செக்கச்செவேலென்று கிடந்தது.

"அப்ப இத்தன வருஷமா நான்..."

"விறக ஆகாயத்துக்கு அனுப்பிட்டிருந்த. இந்தப் பக்கத்துக் காக்காய்ங்களுக்குக் குளிரே தெரிஞ்சிருக்காது."

"வாயப் பாரு!" என்று சிரித்துவிட்டான். பழக்கத்தில் கூடையிலிருந்து ஒரு கட்டையை எடுத்தவன், போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

கத்தியைக் கீழே வைத்தேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"எல்வின், இனிமே இந்த அடுப்ப நானும் பாத்துக்கட்டுமா?"