நீலம் தட்டாத படம்

குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வார்டில் அந்த நர்ஸுக்கு உடும்பு என்று பெயர். நூல் கனமே இருக்கும் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள், கிடைக்கும்வரை விடமாட்டாள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது டாக்டரா, தரை துடைக்கிற அம்மாவா என்று யாருக்கும் நினைவில்லை. அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவள் கேமரா வாங்கியே தீருவேன் என்று கிளம்பியதற்கு ஒரு லாரி டிரைவரின் வாய்தான் காரணம். வார்டு இருப்பது கீழ்த்தளத்தில். ஆபரேஷன் ஆன தாய்மார்கள் மூன்றாவது மாடியில். காய்ச்சலோ ரத்தக்கொதிப்போ வந்துவிட்டால் அவர்கள் நாள்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க முடியாது. அப்பன்மார்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு மேலே போய்ச் சொல்ல வேண்டும். அந்த டிரைவர் பெண்டாட்டியிடம் போய், "எலிக்குட்டி மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டான். அவள் அழுத அழுகையில் தையல் பிரிந்துவிடுமோ என்று மேல்மாடி நர்ஸ் பதறிப்போனாள்.

வார்டுக்குள் செல்போன் கூடாது. ஊர்ப்பட்ட கிருமி அதில்தான் வரும். எடுத்த படமும் எங்கெங்கோ போய்விடும். உடும்பு நேராகப் பெரிய சிஸ்டரிடம் போனாள்.

"சின்னதா ஒரு கேமரா, ஒரு போட்டோ பிரிண்டர். ரெண்டும் வார்டை விட்டு வெளிய போகாது. படம் அம்மா கைக்கு மட்டும். குடுத்த உடனே கேமராவுல இருந்து அழிச்சிடுவோம்."

பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "ஃபிளாஷ் ஒரு தடவை மின்னுச்சுன்னா நானே தூக்கிக் குப்பையில போடுவேன். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற மாதிரி இருக்கணும். சரி, பணம்?"

நர்ஸுகள் எல்லாரும் டூர் போக என்று சேர்த்து வைத்த பணம் இருந்தது. அதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுண்டிப்போனது உண்மைதான். "இந்த வருஷம் டூர் மொட்டைமாடிக்கு" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் முடிந்தது.

கடைக்குத் துணையாக நாத்தனார் வந்தாள். பேரம் பேசுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. விலை கேட்பதற்கு முன்பே குறைக்கச் சொல்கிறவள்.

கடைக்காரர் முதலில் எடுத்துவைத்தது குழல் நீண்ட பெரிய கேமரா. "மேடம், தெருக்கோடியில நிக்கிறவரோட மூக்குத் தெரியும் இதுல."

"நான் எடுக்கப்போறது ஒரு முழம் தள்ளிப் படுத்திருக்கும். கிட்ட வச்சு எடுத்தா மங்கக் கூடாது. அறையில விளக்கு கம்மி. ஃபிளாஷை அடியோட அணைக்கணும்."

அவர் சின்னது ஒன்றை எடுத்து ஃபிளாஷை அணைத்துக் கொடுத்தார். அவள் நாத்தனாரின் முகத்துக்கு நேரே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். முன்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஒளி பளிச்சென்று வந்து போனது.

"இது என்னங்க?"

"அது ஃபிளாஷ் இல்ல மேடம். இருட்டுல ஃபோகஸ் பிடிக்கிறதுக்கு."

"எங்க பிள்ளைங்க கண்ணுக்கு அதெல்லாம் தெரியாதே. அதையும் அணைக்க முடியுமா?"

கடைக்காரர் மெனுவுக்குள் புகுந்து தேடினார். அந்தக் கேமராவில் வழியில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் இருந்தது. பொத்தானை அழுத்தும்போது வரும் "கீச்" சத்தத்தையும் நிறுத்த முடிந்தது. விலை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"அண்ணி, முதல்ல பிரிண்டரைப் பாருங்க. கேமராவை நான் பாத்துக்கிறேன்" என்று நாத்தனார் காதோடு சொன்னாள்.

மலிவான பிரிண்டர் ஒன்றில் நாத்தனாரின் படத்தைப் போட்டுக் காட்டினார் கடைக்காரர். படம் பளபளவென்று வந்தது. உடும்பு அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். உதடு லேசாக நீலம் தட்டியிருந்தது.

"நல்லாத்தானே இருக்கேன்?" என்றாள் நாத்தனார்.

"நீ நல்லாத்தான் இருக்க. எங்க வார்டுல ஒரு உதடு இந்த நிறத்துக்கு வந்தா மூச்சு முட்டுதுன்னு நாங்க நாலு பேர் ஓடுவோம். இதை ஒரு அம்மா கையில குடுக்கச் சொல்றியா?"

அடுத்த பிரிண்டரில் படம் மஞ்சள் பூசி வந்தது. "இது காமாலை" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைக்காரருக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பெட்டியில் கிடந்த இன்னொன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். கைப்பை அளவுதான் இருக்கும். அதற்கு மை ஊற்ற வேண்டியதில்லை. தாளும் வண்ணச் சுருளும் ஒரே பாக்கெட்டில் வரும். கம்ப்யூட்டர் வேண்டாம், கேமராவின் கார்டை நேரே செருகலாம். தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வந்தது. மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியாக மேலே ஒரு மெல்லிய பூச்சு. மூன்று தலைகளும் அதன் மேல் குனிந்திருந்தன. நாத்தனாரின் முகம் நாத்தனாரின் நிறத்திலேயே வந்தது. உடும்பு தன் விரலை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பார்த்தாள். கரையவில்லை.

"ஒரு படத்துக்கு என்ன செலவு விழும்?"

கடைக்காரர் பாக்கெட் விலையைத் தாள்களால் வகுத்துச் சொன்னார். மலிவான பிரிண்டருக்கு வாங்கும் மையைக் கணக்குப் பார்த்தால் இது ஒன்றும் கூடுதல் இல்லை. ஆனால் பிரிண்டரின் விலை இடித்தது. இதை எடுத்தால் கேமராவுக்குப் பணம் பற்றாது.

"அப்ப பழைய கேமராவே குடுங்க. ஓரத்துல தேஞ்சிருந்தாலும் பரவாயில்ல. அந்த ஆரஞ்சு விளக்கு மட்டும் அணையணும்" என்றாள் உடும்பு.

அந்த மூன்றாவது கேமராவின் மாடலிலேயே, கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்திருந்தது ஒன்று இருந்தது. பலபேர் தொட்டுத் தொட்டு அதன் வெள்ளி நிறம் போயிருந்தது. நாத்தனார் முந்தானையைச் செருகாத குறையாகக் களத்தில் இறங்கினாள். கீறலுக்கு ஒரு குறைப்பு, டப்பா இல்லாததற்கு ஒரு குறைப்பு. "என் மூஞ்சியை மூணு தடவை அச்சடிச்சு விளையாடினீங்களே, அதுக்கு என்ன குறைப்பீங்க?" என்றாள். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தாள் பாக்கெட் ஒன்றைக் கூடவே வைத்தார்.

மறுநாள் காலை கேமராவை ஸ்பிரிட்டால் துடைத்து, டிரைவரின் மகளை முதல் படம் எடுத்தாள் உடும்பு. மூக்குக் குழாயும் வயிற்றில் ஒட்டிய வயர்களும் தெரியாதபடி பக்கவாட்டில் நின்று முகத்தை மட்டும் எடுத்தாள். தூங்கும் முகம், மடங்கிய ஒரு காது. பெரிய சிஸ்டரே எட்டிப் பார்த்து, "லட்சணமா இருக்கு" என்றாள்.

மூன்றாவது மாடியில் அந்தத் தாய் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தைப் போர்வைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"மீதி எங்க சிஸ்டர்?"

"மீதின்னா?"

"நான் துணிக்கடையில வேலை பாக்குறவ. துணியை மடிச்சே காட்டுறாங்கன்னா உள்ள கிழிசல் இருக்குன்னு அர்த்தம். என் பிள்ளைக்கு என்ன? கை கால் இருக்குல்ல? ஏன் மறைக்கிறீங்க?"

உடும்புக்குச் சுரீர் என்றது. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் அவளும் டிரைவரைப் போலவே அந்தத் தாயைப் பயமுறுத்தியிருந்தாள். "இருங்க, வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கினாள்.

இந்த முறை எதையும் ஒதுக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி முழுக்க ஒரு படம். குழாய் நுழைந்த மூக்கு, வயர் ஒட்டிய நெஞ்சு, ஊசி போட்ட பாதம் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியாகக் கையைக் கழுவி, பெட்டியின் வட்ட வாசல் வழியே விரலை நீட்டினாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு நர்ஸ் அதைப் படமெடுத்தாள்.

"பயந்துடுவாளே" என்றாள் பெரிய சிஸ்டர்.

"தெரியாமத்தான் இவ்வளவு பயம். தெரிஞ்சிட்டுப் பயப்படட்டும். பக்கத்துல நான் நிப்பேன்."

நின்றாள். படங்களைக் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இது பால் போகிற குழாய். இது நெஞ்சுத் துடிப்பை எண்ணுகிறது, வலிக்காது. இது ஊசி, நான்தான் போட்டேன், அழுதாள். தாயின் கண்ணில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் கேள்வி நிற்கவில்லை. பாதத்தில் கறுத்திருக்கிறதே, ஏன்? வயிறு ஏன் உள்ளே போயிருக்கிறது? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு விரலைப் பிடித்த படத்தை எடுத்துத் தன் விரலுக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள்.

"இவ்ளோ சின்னக் கை. பிடி இறுக்கமா இருந்துச்சா?"

"உருவி எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்தக் குழாயில இப்ப யார் பால் போகுது?"

"இப்போதைக்கு வேற அம்மா குடுத்தது."

"எனக்கு எப்படி எடுக்கணும்னு காட்டுங்க. வரலைன்னாலும் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

முதுகுக்குத் தலையணை வைத்து அவளை நிமிர்த்தி உட்காரவைக்கும்போது, எதிர்க்கட்டிலில் இருந்தவள் தலையைத் தூக்கினாள். "சிஸ்டர், என் பையன் மூணாவது பெட்டியில இருக்கான். அவனையும் மறைக்காம எடுங்க."