இரண்டாவது அடுப்பு

வீட்டுக்கு இரண்டாவது அடுப்பு வந்த அன்று அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய சாமான் கடையில் பேரம் பேசி அவளே வாங்கி வந்த ஒற்றை அடுப்பு. அதைச் சமையல் மேடையின் இடது கோடியில் வைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்.

"இது உன்னோடது. அந்தப் பக்கம் என்னோடது. இனிமே என் பாத்திரத்துல நீ கை வைக்கக் கூடாது."

தம்பி குனிந்து அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். காலமெல்லாம் லாரி ஓட்டியவன். எஞ்சினைப் பிரித்து மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவான். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தை ஓட்டையாக்கிவிட்டு வருவான்.

"இதுக்கு கியர் எங்கக்கா இருக்கு?" என்றான். அக்கா சிரிக்கவில்லை.

எல்லாம் அரசாங்கம் செய்த வேலை. அதைத் திட்டுவதற்கு முன்னால் அதன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வயதாகி, கையில் சேமிப்பு இல்லாதவர்களுக்கு அவர்கள் ஊரில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கூடவே ஒரு மருந்து அட்டை. அதைக் காட்டினால் மாத்திரைக்குக் காசு தர வேண்டாம். தம்பிக்கு நெஞ்சடைப்பு வந்து பிழைத்த பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளின் விலையைக் கேட்டாலே இன்னொரு முறை நெஞ்சு அடைக்கும். ஆகவே அந்த அட்டை அவனுக்கு உயிர். சேமிப்பு இல்லாதவர் என்ற தகுதியோ அவனிடம் தாராளமாக இருந்தது. அந்தத் தகுதிக்காக அவன் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டிருக்கிறான் என்றே சொல்லலாம்.

லாரி செட்டில் அவனுக்கு மைனர் என்று பெயர். சம்பளம் வந்த கையோடு ஒரு புதுச் சட்டை, கூட இருப்பவர்களுக்கெல்லாம் சாப்பாடு, அழுதுகொண்டு வந்தவனுக்குக் கைமாற்று. கைமாற்று வாங்கியவர்கள் யாரும் அந்தப் பக்கம் மறுபடி அழுதுகொண்டு வந்ததில்லை, சிரித்துக்கொண்டும் வந்ததில்லை. மாதக் கடைசியில் அக்கா வீட்டுச் சோறு இருக்கவே இருக்கிறது.

அக்காவுக்குத் தையல் கூடத்தில் வைத்த பெயர் உண்டியல். ஜன்னல் திரைகள் தைக்கிற கூடம் அது. வெட்டிப் போட்ட துணியில் தனக்கு ரவிக்கை, தலையணை உறை, கைப்பை எல்லாம் தைத்துக்கொண்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, சம்பள நாள் தவறாமல் வங்கிக்குப் போவாள். அங்கே காசாளர் கிண்டலாகக் கேட்பார். "எதுக்கும்மா இப்படிச் சேத்துச் சேத்து வைக்கிறீங்க?"

"வயசான காலத்துக்கு" என்பாள்.

அந்த வயசான காலத்துக்கு ஒரு ஜன்னலும் இருந்தது. ஊரின் மறுகோடியில், பணம் கட்டித் தங்குகிற முதியோர் இல்லம் ஒன்று. அதன் அறைகளுக்கெல்லாம் திரை தைத்தது அவள்தான். மாட்டப் போன இடத்தில், மாடியில் ஒரு மூலை அறையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், உள்ளே கட்டில், கூப்பிட்டால் ஆள் வருவதற்கு ஒரு மணி. யாருக்கும் பாரமாக இல்லாமல், யாரிடமும் கை நீட்டாமல் இங்கே வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஓரத்தை இரட்டைத் தையலாகப் போட்டுக் கொடுத்தாள். சம்பளத்துக்குச் செய்த வேலையில் அவள் காட்டிய ஒரே ஓரவஞ்சனை அதுதான்.

அக்கா அரசாங்கத்திடம் எதையும் கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது, சேமிப்பு இருக்கிறதே. அது அவளுக்கு எரிச்சல்தான். ஊதாரிக்குப் பந்தி, உழைத்துச் சேர்த்தவளுக்கு வாசல்படி என்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனாலும் தம்பிக்குக் கிடைத்தால் சரி என்று அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். கவுண்டரில் இருந்தவர் அவன் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒரே வீட்ல ஒரே அடுப்புல சாப்பிட்டா ஒரே குடும்பம்னுதான் கணக்கும்மா. உங்க சேமிப்பு அவரோட சேமிப்பு மாதிரி. அது கரைஞ்ச பிறகு வாங்க, ரெண்டு பேருக்குமே கிடைக்கும்." அக்கா முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சமையல் தனித்தனின்னா விஷயம் வேற. ஆனா ஆள் வந்து பாப்பாங்க."

திரும்பி வரும் வழியிலேயே தம்பி திட்டம் போட்டுவிட்டான். "ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் ரெண்டு அடுப்பு வெச்சுக்குவோம். அவ்வளவுதானே?"

"பொய் சொல்லி வர்ற காசு நமக்கு வேண்டாம். தனின்னா நெஜமாவே தனி."

"நான் சமைச்சுச் சாப்பிட்டா ஆள் வர்ற வரைக்கும் இருக்க மாட்டேன்கா."

"கத்துக்கோ."

அப்படித்தான் அடுப்பு வந்தது. உப்பு இரண்டு, எண்ணெய் இரண்டு, தட்டு இரண்டு என்று வீடு பிரிந்தது. மனம் பிரியாமல் வீடு மட்டும் பிரிவது எவ்வளவு சிரமம் என்பது அக்காவுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அவன் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டால் இவளுக்குக் கை பரபரக்கும். அடிபிடிக்கிற வாடை வந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி உட்காருவாள். அவன் வேகாத சோறும் கருகிய முட்டையுமாகத் தின்று, "பிரமாதம்!" என்று இவள் காதில் விழும்படி சொல்லுவான். மைனரின் சட்டைகள் தோளில் தொளதொளக்க ஆரம்பித்தன.

அதைவிட அவளை வதைத்தது வேறு ஒன்று. அது கடைசி வாய்.

அம்மா செத்தபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஆறு. அப்பா வேலைக்குப் போய்விடுவார். இருக்கிற சோற்றைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, "நான் அப்பவே சாப்ட்டேன்டா" என்பாள் அக்கா. ஒரு நாள் அவன் எக்கிப் பானைக்குள் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து எவ்வளவு பசியாக இருந்தாலும் தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்து அவள் பக்கம் நகர்த்துவான். அவளும் ஒன்றும் கேட்காமல் தின்பாள். பிறகு வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. அவனுக்கு மீசை வந்தது, நரைத்தது. வீட்டில் சாப்பிடுகிற நாளெல்லாம் அந்த ஒரு வாய் மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று அவர்கள் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

தனிச் சமையல் தொடங்கிய அன்றும் அவன் மிச்சம் வைத்தான். "அதையும் தின்னுடா" என்றாள் அக்கா. வயிறு நிறைந்துவிட்டது என்றான். அவன் தட்டைக் கழுவும்போது அந்த ஒரு வாய் தண்ணீரோடு போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் நின்றாள், தினமும் பார்த்தாள். சட்டம் என்றால் சட்டம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மதிய நேரம், சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. மாடிப்படி ஏறிய களைப்பில் தையல் மிஷின் முன்னால் இருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுப்புகளைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து இரண்டு உப்பையும் பார்த்தார். தம்பியின் பாத்திரத்தைத் திறந்தவர் சட்டென்று மூடினார்.

"இது நீங்கதான் சமைச்சது. சந்தேகமே இல்ல" என்றார். தம்பி பெருமையாகத் தலையாட்டினான்.

"மாத்திரை போடணும் மேடம், சாப்பிட்டுட்டு..."

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நான் அம்மாகிட்ட ரெண்டு விவரம் கேட்டு எழுதிக்கிறேன்."

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. எந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு, வீட்டு வாடகை யார் தருவது என்று அவர் கேட்கக் கேட்க, அக்கா மேடையோரம் நின்றபடி பதில் சொன்னாள். சாப்பிட்டு முடித்தவன் தட்டை நகர்த்தினான். அக்கா வாடகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அந்தத் தட்டை எடுத்தாள், மிச்சமிருந்த ஒரு வாயை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள்.

திரும்பியபோதுதான் அதிகாரியின் பேனா நின்றிருப்பதைக் கண்டாள். வாயில் கருகல் ருசி. அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

தம்பி முந்திக்கொண்டான். "இன்னைக்கு மட்டும்தான் மேடம். ஏதோ ஞாபகத்துல..."

அதிகாரி அவனைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷி. பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இன்னைக்கு மட்டும்தானாம்மா? நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்."

இன்றைக்கு மட்டும்தான் என்பது உண்மை. இந்த அடுப்பு வந்த பிறகு இன்றுதான் முதல் முறை. காசுக்காக ஒரு பொய்யும் சொல்லாதவள், அந்த உண்மையைச் சொன்னால் போதும். மருந்து அட்டை வந்துவிடும். மூலை அறையும் மரமும் அப்படியே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வாய் திறந்தபோது, ஆறு வயதுப் பையன் பானைக்குள் எக்கிப் பார்த்ததுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் வேறு, நான் வேறு என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளால் முடியவில்லை.

"இல்லம்மா" என்றாள். "தினமும்தான். அவன் ஆறு வயசுலேருந்து."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார். பிறகு எழுதினார். போகும்போது அக்காவின் கையை ஒரு முறை பிடித்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் தம்பி வெடித்தான். "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? உண்மைதானே கேட்டாங்க? சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே! எல்லாத்தையும் என் மாத்திரைக்கே கொட்டிட்டு, நாளைக்கு நீ எங்க போவ? அந்த ரூம்..." மேலே பேச முடியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நான்தான் ஒண்ணும் வைக்கல. நீ வெச்சதையும் நானே தின்னுட்டுப் போகணுமாக்கா?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் வராத கோபம். "ஆமாடா, நீ வெக்கல. ஒரு சட்டை கொறைச்சு வாங்கியிருந்தாக்கூட ஆகியிருக்கும். நான் ஒவ்வொரு காசா முடிஞ்சு வெச்சேன், நீ காத்துல விட்டே. கடைசியில ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் வந்து நிக்கறோம். எனக்கு வயிறு எரியுது. எரியாம என்ன செய்யும்?" என்றாள். சொல்லி முடித்ததும் அழுதாள். மூலை அறைக்காக அழுதாள், மறைக்கவில்லை. தம்பி எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். இடது கோடி அடுப்பின் குழாயைக் கழற்ற ஆரம்பித்தான்.

மறுநாள் காலை அக்கா வங்கிக்குப் போனாள். அதே காசாளர், அவருக்கும் நரைத்துவிட்டது. வைப்புத்தொகையை உடைக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இதையாம்மா? இதைத் தொடவே மாட்டேன், வயசான காலத்துக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே?"

அக்கா கைப்பையிலிருந்து தம்பியின் மருந்துச் சீட்டை எடுத்து மடிப்பு நீவி கவுண்டரில் வைத்தாள்.

"வயசாயிடுச்சுப்பா" என்றாள்.