கீர்த்தனா நிறுத்திய இடம்

அன்று வகுப்பறையில் இருந்தவர்கள்: சேந்தமங்கலம் விடுதிப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்த அர்த்தனாரி சார்; எங்கள் ஊரில் மாலை வகுப்பு நடத்தும் அம்சவேணி, இடுப்பில் அவருடைய குழந்தை; ஐந்தாவது முடித்த பிள்ளைகள் ஆறு பேர், அவர்களில் அசோக்கும் என் அண்ணன் மகள் கீர்த்தனாவும்; அசோக்கின் அப்பா முத்தன்; கீர்த்தனாவைக் கூட்டிவந்த நான். விரட்ட விரட்ட உள்ளே வந்த ஒரு கோழி.

இருந்தது ஒரே இடம். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; குண்டூர் நாட்டில் எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாவதோடு முடிகிறது. ஆறாவதுக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "கீழ எடம் கெடச்சா படிக்கட்டும். இல்லீனா மொளகு பொறுக்கட்டும்." அவன் கெட்டவன் இல்லை. வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள், அண்ணிக்கு இடுப்பு வலி.

தேர்வு இதுதான். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். பிறகு, மற்றவர்கள் சொன்னதிலிருந்து சார் கேள்வி கேட்பார். பேசியதற்குப் பாதி மார்க், கேட்டதற்குப் பாதி.

அம்சவேணி இரண்டு வருடமாக இதைத்தான் செய்துவந்தார். வயது இருபத்தாறு, படிப்பு பன்னிரண்டாவது. வாரம் ஒருவருடைய வாழ்க்கை. சொல்கிற பிள்ளைக்கு எதிரே கேட்கிற பிள்ளை உட்கார வேண்டும். யாராவது கதை சொன்னால் ம் கொட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதையே அவர் சட்டமாக்கினார். வரிக்கு ஒரு ம். ம் வராவிட்டால் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. சும்மா கொட்டுவதாகச் சந்தேகம் வந்தால், "இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்கலாம். பதில் சொல்ல முடியாதவன் எழுந்து நின்று மறுபடி கேட்க வேண்டும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு கால் சென்டரில் பதினொரு மாதம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பாதியில் நின்றவன். விடிய விடிய முகம் தெரியாதவர்களிடம் "புரியுதுங்க, புரியுதுங்க" என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் சொன்னதும் நினைவில் இல்லை. அங்கே கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் மூன்று நாள் எங்களுக்குக் 'கேட்பது எப்படி' என்று பாடம் எடுத்தார். அம்சவேணியின் வகுப்பில் பத்து நிமிடம் நின்றபோதுதான் அந்த மூன்று நாளும் வீண் என்று தெரிந்தது.

கீர்த்தனா முதல் வருடம் முழுக்கப் பேசவில்லை. ம் மட்டும்தான். அம்சவேணி அவளை நெருக்கவில்லை. "காதுல ரொப்பிக்கிட்டு இருக்கறா, உடுங்க" என்றார். இரண்டாம் வருடம் அவள் தானாக எழுந்து நின்றாள்.

அர்த்தனாரி சார் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்: "சொல்ற புள்ள தவிர யாரும் சத்தம் போடக்கூடாது. மூச்சு மட்டும் உட்டுக்கலாம்."

அம்சவேணி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

ஐந்து பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். அவர்களில் மூன்று பேருக்கு அப்துல் கலாம். வீட்டில் உருப்போட வைத்து அனுப்பியிருந்தார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து, பேப்பர் போட்டு, ராக்கெட் விட்டு, ஒரே மூச்சில் ஜனாதிபதி ஆனார்கள். அந்த வேகத்துக்கு ம் தேவைப்படவில்லை. கலாம்களில் கடைசி அசோக். அவன்தான் எல்லோரையும்விட வேகம். முத்தன் சுவரில் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். சாருக்குப் போனில் ஏதேதோ வந்துகொண்டே இருந்தது. பாதி நேரம் குனிந்தே இருந்தார்.

கடைசியாகக் கீர்த்தனா எழுந்தாள்.

"டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில பொறந்தாங்க."

அதோடு நின்றுவிட்டாள்.

சார் நிமிராமலே, "சொல்லு கண்ணு" என்றார்.

அவள் சொல்லவில்லை.

"மறந்துபோச்சா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அது பேசாத புள்ளைங்க சார்" என்றார் முத்தன். "ஊருக்கே தெரியும்."

சார் பேனாவைத் திறந்தார். அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒரு ம் கொட்டியிருக்கலாம். சத்தம் போட்டால் அவளுக்கு மார்க் குறையும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"பயப்படாத. அடுத்த வரி என்ன?"

"நீங்க ம் கொட்டலீங்களே."

"என்னது?"

"நீங்க கேக்கலீங்க. போனைப் பாத்துட்டு இருந்தீங்க. கேக்காதவங்களுக்குச் சொல்லக்கூடாதுங்க."

முத்தன் சத்தமாகச் சிரித்தார். அம்சவேணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்க வகுப்புல அப்படித்தானுங்க சார். இன்னைக்கு வேண்டாம்னு நாந்தான் சொல்லியிருக்கோணும். என்ற தப்புங்க."

சார் அவரைப் பார்த்தார். கீர்த்தனாவைப் பார்த்தார். போனை மேசைமேல் குப்புற வைத்தார்.

"ம்" என்றார்.

"ஆம்பளப் பசங்க படிக்கற காலேஜுல சேந்தாங்க. பொண்ணுன்னு அவங்க ஒருத்தங்கதான்."

"ம்."

"படிச்சு டாக்டர் ஆனாங்க."

"ம்."

"அவங்க தங்கச்சி புத்துநோய் வந்து செத்துப்போனாங்க."

மேசைமேல் போன் அதிர்ந்தது. சாரின் கண் அங்கே போய் வந்தது. "ம்" என்றார்.

"இப்ப என்ன சொன்னேனுங்க?"

"டாக்டர் ஆனாங்கன்னு…"

"அது முந்துன வரிங்க."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சார் போனை அணைத்துப் பையில் போட்டார். பிறகு, யாரும் சொல்லாமல், நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார். "இன்னொருக்கா சொல்லு சாமி."

அவள் அதே குரலில், அதே நிதானத்தில் மறுபடி சொன்னாள். "தங்கச்சிக்கு வந்த மாதிரி யாருக்கும் வரக்கூடாதுன்னு அடையாறுல புத்துநோய்க்குன்னே ஆஸ்பத்திரி கட்டுனாங்க" என்று முடிக்கும்வரை சார் நின்றுகொண்டுதான் கேட்டார். அதிகாரிகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பெண்ணுக்காக எழுந்து நின்றவர் இவர் ஒருவர்தான்.

அடுத்து கேள்விகள். "கீர்த்தனா சொன்ன டாக்டரம்மா எந்த ஊரு?" என்று அசோக்கைக் கேட்டார்.

"ராமேஸ்வரமுங்க."

கீர்த்தனாவிடம், "அசோக் என்ன சொன்னான்?" என்றார்.

"கலாமுங்க. மத்த ரெண்டு பேரும் அவங்கப்பா படகு வச்சிருந்தாருன்னு சொன்னாங்க. அசோக் அதை உட்டுட்டானுங்க."

அசோக் சற்று யோசித்து, "ஆமாங்க சார், உட்டுட்டேன்" என்றான்.

இடம் கீர்த்தனாவுக்கு என்று சொல்லிவிட்டு சார் வெளியே வந்ததும் முத்தன் அவர் வண்டியை மறித்துக்கொண்டார். "என்ற பையன் நிக்காம சொன்னானுங்க. இவ பெரியவங்கள மெரட்டுறா. இவளுக்கா எடம்?"

"உங்க பையன் நிக்காமத்தாங்க சொன்னான்" என்று சொல்லிவிட்டு சார் வண்டியைக் கிளப்பினார்.

முத்தன் ஒரு மாதம் அசோக்கை மாலை வகுப்புக்கு அனுப்பவில்லை. அம்சவேணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அம்சவேணி எதுவும் விளக்கவில்லை. தேர்வுக்கு மறுநாளே வழக்கம்போல வகுப்பு நடத்தினார். ஒரு சாயங்காலம் அசோக் தானாக வந்து ம் கொட்டுகிற இடத்தில் உட்கார்ந்தான்.

ஜூன் மாதம் கீர்த்தனாவைச் சேந்தமங்கலம் விடுதிக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு போர்வை, ஒரு பக்கெட். காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நின்றபோது முறுக்கு வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்திருந்தாள்.

விடுதியில் கோகிலா என்ற வார்டன் பெயரை எழுதிக்கொண்டார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மட்டும் பார்க்க வரலாம் என்றார்.

"ராத்திரியில அழுவாளா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலீங்க."

"அழுவேனுங்க" என்றாள் கீர்த்தனா. "கொஞ்ச நாளைக்கு."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பெட்டியை நான் வாசலில் வைக்க, இன்னொரு பெண் வந்து இழுத்துப்போனாள். கோகிலா இரும்புக் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.