வெர்லின் மாமா கேட்ட இடம்

என் மாமனார் வெர்லினுக்கு நுரையீரல் முழுக்கக் கரித்தூள். மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களில் வாலிபத்தைக் கழித்தவர். இப்போது மூக்கில் குழாயும் பக்கத்தில் முனகும் ஆக்சிஜன் மெஷினுமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். எல்லோரும் காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டுவண்டியை, எங்கள் டிரெய்லரை, எடுத்துக்கொண்டு மலைக்குப் போகலாம் என்று அந்தக் கோடையில் அவரேதான் கேட்டார். ஏன் இந்த வருடமே என்று நாங்கள் கேட்கவில்லை.

இடம் பார்க்கும் வேலையை என் மனைவி ரோண்டா எடுத்துக்கொண்டாள். முகாம் தேடுகிறவர்கள் நிழல் உண்டா, மீன் கிடைக்குமா, பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாமா என்று பார்ப்பார்கள். அவள் பார்த்தது மின்சாரம், சமமான தரை, செல்போன் சிக்னல், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம். அவளுடைய அம்மாவை நெஞ்சுவலியோடு காரில் கொண்டுபோனபோது, சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வண்டி நின்றுபோனது. உதவி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அதைப் பற்றி அவள் பேசுவதே இல்லை.

அவள் பிடித்த இடம் முகாமில் வண்டிகள் நிற்கும் வரிசையின் கடைசி. ஒரு பக்கம் ஆற்றை நோக்கி இறங்கும் மரச்சரிவு. மறுபக்கம் பஸ் மாதிரி நீளமான வெள்ளை வண்டி ஒன்று ஒட்டி நின்றது. எங்கள் டிரெய்லரை நிறுத்தியபோது மாமாவின் படுக்கை ஜன்னல் அந்தப் பஸ்ஸின் பக்கம் அமைந்துவிட்டது.

"இடம் பிடிச்சிருக்காப்பா?" என்றாள் ரோண்டா.

"கரண்ட்டு இருக்கு."

"அதையா கேட்டேன்?"

"வேற என்னத்தச் சொல்ல? மூஞ்சிக்கு நேரா ஒரு சுவரு. ஆயுசு பூரா சுவரப் பாத்துத்தாம்மா வேல செஞ்சேன். அது கருப்பு, இது வெள்ள. அவ்வளவுதான்."

எங்கள் மகள் கேசி சிரித்தாள். ரோண்டா சிரிக்கவில்லை.

"கீழ ஆத்தோரமா ஒரு இடம் காலியாக் கெடக்கு," என்றார் மாமா. "வர்றப்பவே பாத்துட்டேன்."

"அங்க கரண்ட் கெடையாதுப்பா."

"மெஷினுக்குத்தான் பேட்டரி இருக்கே. அத வாங்கிட்டு வந்து மாப்ள என்னா பெரும அடிச்சாரு."

ரோண்டா என் பக்கம் திரும்பினாள். "டேரல், உசுப்பிவிட்டது நீதானா?"

காலை வரைக்கும் பேட்டரி தாங்கும், பகலில் ஜெனரேட்டர் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினாள். அதுதான் சம்மதம்.

ஆற்றோரத்தில் மாமா வேறு ஆளாக இருந்தார். நாற்காலியைத் தண்ணீர் ஓரம் போடச் சொல்லி, குழாயை நீட்டிவிட்டுக்கொண்டு, கால்களை ஆற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பாறைக்குப் பின்னால் மீன் எங்கே நிற்கும் என்று கேசிக்குக் கைகாட்டினார். அவள் தூண்டிலைத் திரும்பத் திரும்ப மரக்கிளையில் மாட்டினாள். "கேசி, மீனு தண்ணிக்குள்ள இருக்கு. மரத்துல இருக்கிறது அணிலு," என்றார். மாதக்கணக்காகச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டவர், அன்று சோளரொட்டியும் பீன்ஸும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது ரோண்டா அவர் கட்டிலுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். பேட்டரியில் எரியும் சிறு விளக்கையே பார்த்துக்கொண்டு இரவு முழுக்க அப்படியே இருந்திருக்கிறாள். மாமா விழித்துத்தான் இருந்தார்.

"மாப்ள, வண்டிய மாட்டுங்க. மேலயே போயிடலாம்."

"எதுக்குப்பா?" என்றாள் ரோண்டா. "பேட்டரி நல்லாத்தான இருக்கு."

"பேட்டரி நல்லாருக்கு. நீதான் நல்லால்ல. லீவு போட்டுட்டு வந்தது என் மூச்ச எண்ணுறதுக்கா?"

அவள் பேட்டரி விளக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா என் மடியிலதான் கெடந்தாங்க. யாராவது வர்ற சத்தம் கேக்குதான்னு காதத் தீட்டிக்கிட்டே இருந்தேன். இப்பவும் அப்பிடித்தாம்ப்பா இருக்கு."

"தெரியும். ஒத்தையா விட்டுட்டேன் உன்னை. நான் இந்தக் குழாயோட வீட்ல கெடந்தேன்." அவர் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "மேல போலாம். நீ தூங்கணும்."

டிரெய்லரை மாட்டிக்கொண்டு மேலே ஏறினோம். மேலே எங்கள் பழைய இடத்துக்கு முன்னும் பின்னும் பாதை உண்டு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம். வண்டியை உள்ளே திருப்பப் போகும்போது ரோண்டா என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்து. வெளிய வர்ற பாதையில போ. அந்தப் பக்கமா நுழைஞ்சா அப்பா ஜன்னலு சரிவப் பாத்து வரும்."

"ஒருவழிப் பாதை ரோண்டா. கரண்டு பெட்டியும் எட்டாது."

"ஒயர வண்டிக்கு அடியில இழுத்துக்கலாம். போ நீ."

எதிரே முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சிறு வண்டியில் வந்து கை காட்டினார். "எதுத்தாப்புல வர்றீங்க. இப்பிடி எல்லாம் வரக் கூடாது."

ரோண்டா இறங்கிப் போனாள். "எங்கப்பாவுக்கு அந்தச் சரிவப் பாக்கணும். படுத்துக்கிட்டேதான் பாக்க முடியும்."

அந்த அம்மாள் காரின் பின்சீட்டுக் கண்ணாடி வழியே மாமாவின் மூக்குக் குழாயைப் பார்த்தார். அப்புறம் தன் வண்டியைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தி, மற்ற வண்டிகளை மறித்துக்கொண்டு, "சீக்கிரம் வாங்க," என்றார்.

நிறுத்தி முடித்ததும் மாமா படுக்கையில் சாய்ந்து வெளியே பார்த்தார். இலைகளுக்கு நடுவே ஆறு கொஞ்சம் தெரிந்தது. காற்று வரும்போது சத்தமும் கேட்டது. ரோண்டா அவர் காலடியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். கேசி ஏதோ கேட்க வந்தாள். மாமா உதட்டில் விரல் வைத்தார்.

விடுமுறை முடியும்வரை அங்கேயே இருந்தோம். நவம்பரில், வீட்டில், ரோண்டா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் போனார். அவள் நிறைய அழுதாள். ஆனால் அம்மா இறந்தபோது செய்ததுபோல, வேறு வழியில் போயிருக்கலாமோ, இன்னும் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமோ என்று இம்முறை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.